வழக்குக் கட்டைத் திருப்பித் தராத வக்கீலைச் சங்கம் ஏன் கேட்பதில்லை?

கேள்வி, 2025 ஜூன் 2

எங்கள் பாகப்பிரிவினை வழக்கை நான்கு வருடமாக நடத்தியவர் இப்போது வாய்தாவுக்கே வருவதில்லை. வேறு வக்கீல் வைத்துக்கொள்கிறோம், வழக்கின் காகிதங்கள் அடங்கிய கட்டைக் கொடுங்கள் என்றால், மீதி ஃபீஸைக் கட்டிவிட்டு எடுத்துப் போங்கள் என்கிறார். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வழக்கறிஞர் சங்கத்துக்குப் போய்ச் சொன்னேன். இது எங்கள் வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு வக்கீலுக்கு ஏதாவது என்றால் கோர்ட்டையே நிறுத்துகிறவர்கள், கட்சிக்காரருக்கு ஏதாவது என்றால் கையை விரிக்கிறார்கள். இப்படி ஓர் அமைப்பு எதற்கு?

பதில், ஜூன் 3, இரவு

முப்பத்தோரு வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கட்டு கட்டியே கை காய்த்துப்போனது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் கட்டைப் பற்றி. ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்கும் உரிமை வக்கீலுக்குக் கிடையாது. ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கடைக்காரர் சரக்கைப் பிடித்துவைப்பதுபோல் வழக்குக் கட்டைப் பிடித்துவைக்க முடியாது. பாக்கி இருந்தால் அதற்குத் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளட்டும். கேட்ட பிறகும் கொடுக்காதது தொழில் ஒழுக்கக் கேடு. இதைச் சொல்லிப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். நகலும் ஒப்புகை அட்டையும் பத்திரமாக இருக்கட்டும்.

புது வக்காலத்துக்கு (உங்களுக்காக ஆஜராக வக்கீலுக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) அவர் கையெழுத்துக் கொடுக்க மறுத்தாலும் வழக்கு நின்றுவிடாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 3, விதி 4-இன்படி நீதிமன்றத்தின் அனுமதியோடு வக்கீலை மாற்றிக்கொள்ளலாம். உங்கள் புது வக்கீலுக்கு இது தெரியும்.

அமைப்பு எதற்கு என்ற கேள்விக்கு நாளை எழுதுகிறேன். அது ஒரு வரியில் முடிகிற விஷயம் இல்லை.

ஜூன் 4

நீங்கள் போன இடம் தவறு. சங்கம் வேறு, பார் கவுன்சில் வேறு. முப்பது வருடம் கோர்ட்டுக்கு நடந்தவர்களே இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். உங்களைக் குறை சொல்லவில்லை.

சங்கம் என்பது அந்த நீதிமன்றத்தில் தொழில் செய்கிறவர்கள் தாங்களாகச் சேர்ந்து வைத்துக்கொண்ட அமைப்பு. சந்தா, நூலகம், உட்கார ஓர் அறை, தேர்தல், தலைவர், செயலாளர். ஒருவருடைய சன்னதை, அதாவது தொழில் செய்யும் உரிமத்தைப் பறிக்கவோ விசாரணை நடத்தவோ அதற்கு அதிகாரம் இல்லை.

பார் கவுன்சில் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தால் பிறந்தது. நமக்குத் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில். அதற்கு மேலே இந்திய பார் கவுன்சில். சட்டம் படித்தவர் பெயரைப் பட்டியலில் ஏற்றுவதும் அதுதான், தவறு செய்தால் விசாரிப்பதும் அதுதான். பிரிவு 35-இன்படி புகாரைத் தள்ளலாம், கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்குத் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பட்டியலிலிருந்தே பெயரை எடுக்கலாம். உங்கள் புகார் போகவேண்டியது அங்கே.

ஜூன் 4, மீண்டும்

விட்டுப்போனது: உங்களுக்குப் பணம் வாங்கித் தருகிற வேலை அந்த விசாரணையில் இல்லை. நஷ்ட ஈடு வேண்டுமென்றால் உரிமையியல் நீதிமன்றம்தான். நுகர்வோர் ஆணையத்துக்கும் போக முடியாது. வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே 14 அன்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்தக் கதவு மூடிய பிறகு பார் கவுன்சிலின் பொறுப்பு இன்னும் கூடியிருக்கிறது என்பது என் எண்ணம்.

ஜூன் 7

"கோர்ட்டையே நிறுத்துகிறவர்கள்" என்று நீங்கள் எழுதிய வரி மூன்று நாளாக என்னை விடவில்லை.

என் அக்கா வீட்டு உயில் வழக்கு. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் வழக்கு தொடங்குவதற்கு முன்பே இறந்துவிட்டார். மிச்சம் இருந்த பெரியவருக்கு எண்பதுக்கு மேல். சம்மன் போய், வாடகைக் காரில் கைத்தாங்கலாக அழைத்து வந்தோம். அன்று காலை பத்தரை மணிக்கு வக்கீல்கள் நீதிமன்றப் புறக்கணிப்பு என்று அறிவித்துவிட்டார்கள். எதற்கு என்றுகூட எனக்கு இப்போது நினைவில்லை. எங்கள் பக்கத்து வக்கீல் உட்பட யாரும் உள்ளே போகவில்லை. பெரியவர் பிற்பகல் வரை மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார். அடுத்த வாய்தாவுக்கு அவர் உயிரோடு இல்லை. அவர் வாயால் வரவேண்டிய சாட்சியம் போய்விட்டது. அதற்குப் பிறகு அவருடைய கையெழுத்தை அடையாளம் காட்ட ஆள் தேடி, இரண்டு வருடம் போனது.

அந்த வளாகத்தில் குமாஸ்தாவாக நானும் அன்று கட்டை மூடி வைத்தேன். அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஹரிஷ் உப்பல் வழக்கில் 2002 டிசம்பர் 17 அன்றே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: வக்கீல்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை. அறிக்கை விடலாம், பட்டை அணியலாம், வளாகத்துக்கு வெளியே பதாகை பிடிக்கலாம். மிக மிக அரிதான நிலையில், அதுவும் முன்கூட்டியே தலைமை நீதிபதியிடமோ மாவட்ட நீதிபதியிடமோ கலந்து பேசிய பிறகு, ஒரு நாளுக்கு மிகாமல் விலகி இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். அந்தத் தீர்ப்பு வந்து பல வருடம் கழித்து நடந்தது எங்கள் பெரியவர் கதை.

ஜூன் 8

நேற்று எழுதியதை இன்று காலை படித்தேன். ஒரு பக்கம் மட்டும்தான் அதில் இருக்கிறது. சங்கத்தின் மறுபக்கத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் ஜூனியராக இருந்தவர் சாலை விபத்தில் இறந்தார். முப்பத்து நான்கு வயது. சிறு குழந்தை. வழக்கறிஞர் சேமநல நிதிப் பணத்துக்கு விண்ணப்பம் எழுதி, சான்றிதழ்கள் திரட்டி, சென்னைக்கு அலைந்து, அந்தப் பெண்ணின் கையில் காசோலை வந்துசேரும் வரை உடன் நின்றவர் சங்கச் செயலாளர். நாம் ஒவ்வொரு வக்காலத்திலும் ஒட்டுகிறோமே சேமநல நிதி முத்திரை, அந்தச் சில்லறைக் காசு சேர்ந்துதான் அப்படிப் போகிறது. தமிழ்நாட்டில் 1987-ஆம் ஆண்டிலிருந்து அதற்கென்றே சட்டம் இருக்கிறது. முத்திரை ஒட்டும்போதெல்லாம் அந்தக் குழந்தையை நினைத்துக்கொள்வேன்.

ஜூன் 8, மாலை

இன்னொன்று. சங்கம் என்றாலே புறக்கணிப்பு என்று நினைக்கவேண்டாம். தேசிய வரித் தீர்ப்பாயச் சட்டத்தை எதிர்த்து நின்றது மெட்ராஸ் பார் அசோசியேஷன். அந்தச் சட்டம் அரசமைப்புக்கு முரண் என்று 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு ரத்து செய்தது. நீதிமன்றத்தின் வேலையை அரசு தன் செல்வாக்குக்கு உட்பட்ட தீர்ப்பாயங்களுக்கு மாற்றக்கூடாது என்பதற்காகப் பல வருடங்கள் நடந்த சண்டை அது. தனி வக்கீல் ஒருவரால் அத்தனை காலம் தாக்குப்பிடிக்க முடியாது. தனி மனிதரால் முடியாததைச் செய்வதற்குத்தான் அமைப்பு.

ஜூன் 11

திருத்தம். சங்கத்துக்கும் பார் கவுன்சிலுக்கும் சட்டத்தில் தொடர்பே இல்லை என்ற எண்ணம் வரும்படி 4-ஆம் தேதி எழுதிவிட்டேன். சங்கங்களைப் பார் கவுன்சில் அங்கீகரிப்பதற்கான ஏற்பாடு 2001-ஆம் ஆண்டின் மத்திய சேமநல நிதிச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஒழுங்கு விசாரணை அதிகாரம் கவுன்சிலுக்கு மட்டும்தான்; அதில் மாற்றம் இல்லை.

ஜூன் 15

தனிமடலில் ஒருவர் கேட்டார்: கோயம்புத்தூரில் வக்கீல்கள் சேர்ந்து சிலருக்கு ஆஜராக மாட்டோம் என்று தீர்மானம் போட்டார்களே, அது சரியா?

சரியில்லை. கோவையில் போலீஸ்காரர்களுக்கும் வக்கீலுக்கும் இடையே நடந்த மோதலுக்குப் பிறகு, அந்தப் போலீஸ்காரர்களுக்காக யாரும் ஆஜராகக்கூடாது என்று அங்குள்ள சங்கம் தீர்மானம் போட்டது. ஏ.எஸ். முகமது ரஃபி வழக்கில் 2010 டிசம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட தீர்மானங்கள் எல்லாமே செல்லாதவை என்று சொன்னது. கொலைகாரன், பயங்கரவாதி என்று ஊரே தூற்றினாலும் அவன் பக்கம் நிற்க ஒரு வக்கீல் வேண்டும்.

எனக்கு இதில் சந்தேகமே இல்லை. ஊர் முழுக்க ஒருவனை வெறுக்கும் நாளில் அவனுக்காக வக்காலத்துப் போடுகிற வக்கீலைக் காப்பாற்றத்தான் சங்கம். அந்த நாளில் சங்கமே அவரைத் தடுத்தால் அவர் யாரிடம் போவார்?

ஜூன் 22

இதுவரை சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன். எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

நான் குமாஸ்தாவாக இருந்த வக்கீலான என் சீனியர்மீது ஒரு கட்சிக்காரர் பார் கவுன்சிலில் புகார் கொடுத்தார். எதிர்த்தரப்போடு சேர்ந்துகொண்டு வேண்டுமென்றே மேல்முறையீட்டுக் காலக்கெடுவைத் தவறவிட்டார் என்று. அது பொய். தீர்ப்பு நகல் வந்த அன்றே நான் அந்தக் கட்சிக்காரர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கோர்ட் கட்டணத்துக்குப் பணம் இல்லை, பார்க்கலாம் என்றார். அதை நான் நாட்குறிப்பில் எழுதியும் வைத்திருந்தேன். அதனால் விசாரணையில் என் சீனியர் பக்கத்துச் சாட்சி நான்.

ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் மூன்று பேர். கவுன்சில் உறுப்பினர் இருவர், கவுன்சிலில் இல்லாத மூத்த வழக்கறிஞர் ஒருவர். சட்டத்தின் பிரிவு 9 சொல்வது அப்படித்தான். மூவரும் பொறுமையாகவே கேட்டார்கள். புகார் கொடுத்தவரையும் மரியாதையாகவே நடத்தினார்கள். குறுக்கு விசாரணை செய்ய அவருக்கு நேரம் கொடுத்தார்கள். முடிவில் புகார் தள்ளுபடி ஆனது. நியாயமான முடிவு.

வெளியே வந்ததும் அந்த மனிதர் என்னிடம் சொன்னார்: "நீயும் அவங்க ஆளு, உள்ள இருந்த மூணு பேரும் அவங்க ஆளு. நான் மட்டும் வெளியாள்." அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கே அவர் வரவில்லை. என் சீனியர் காசு வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தார் என்றே கடைசி வரை ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்களும் நம்பினார்கள். நேர்மையாக வாழ்ந்த மனிதர் என் சீனியர். குற்றமற்றவர் என்று உத்தரவு கையில் இருந்தும் அந்தக் கறை அவரைவிட்டுப் போகவில்லை. அதற்குக் காரணம் பொய்ப் புகார் மட்டும் இல்லை. அந்த அறையில் வக்கீல் அல்லாத ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியரோ மருத்துவரோ உட்கார்ந்திருந்து அதே முடிவைச் சொல்லியிருந்தால், ஊர் அதை வேறு விதமாகக் கேட்டிருக்கும்.

ஜூன் 22, பின்னிரவு

தூக்கம் வரவில்லை. வழக்கறிஞர் சட்டத்தின் 6-ஆம் பிரிவை எடுத்துப் பார்த்தேன். மாநில பார் கவுன்சிலின் பணிகள் வரிசையாக இருக்கின்றன. (சி): தன் பட்டியலில் உள்ள வக்கீல்கள்மீது வரும் ஒழுக்கக் கேட்டுப் புகார்களை விசாரித்து முடிவுசெய்தல். அதற்கு அடுத்த வரி, (டி): தன் பட்டியலில் உள்ள வக்கீல்களின் உரிமை, சலுகை, நலன் ஆகியவற்றைப் பாதுகாத்தல்.

அடுத்தடுத்த இரண்டு வரி. அரவணைக்கிற கையும் அடிக்கிற கையும் ஒரே உடம்பில். போதாததற்கு, அந்த உறுப்பினர்களை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறவர்களும் வக்கீல்கள்தான். ஓட்டுப் போட்டவரையே தண்டிக்க வேண்டிய இடத்தில் மனிதரை உட்கார வைத்திருக்கிறோம். அங்கிருக்கும் யாரையும் சந்தேகப்படவில்லை. அந்த நாற்காலியின் அமைப்பையே சொல்கிறேன்.

ஜூன் 24

"வெளியாளை வைத்தால் அரசாங்கம் உள்ளே நுழைந்துவிடும்" என்று ஓர் இளம் வழக்கறிஞர் மறுப்பு எழுதியிருக்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இந்த வருடம் பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழக்கறிஞர் சட்டத் திருத்த வரைவில், இந்திய பார் கவுன்சிலுக்கு அரசே உறுப்பினர்களை நியமிக்கும் பிரிவு இருந்தது. புறக்கணிப்புக்குத் தடையும் இருந்தது. வக்கீல்கள் கொதித்தெழுந்தார்கள், அதே மாதம் வரைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். புறக்கணிப்புத் தடையை நான் மனதார வரவேற்றிருப்பேன். அரசு நியமன உறுப்பினரை ஏற்க மாட்டேன். அரசுக்கு எதிராகத்தான் பாதி வழக்கு நடக்கிறது.

2016-ஐயும் நினைத்துப் பார்க்கிறேன். நீதிபதியை மிரட்டுவது, நீதிமன்ற அறைக்குள் முற்றுகையிடுவது போன்ற காரணங்களுக்காக ஒரு வக்கீலைத் தொழில் செய்யவிடாமல் நீதிமன்றமே தடுக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த வருடம் விதிகளைத் திருத்தியது. தமிழகம் முழுக்கப் போராட்டம். 126 வழக்கறிஞர்களை இந்திய பார் கவுன்சில் இடைநீக்கம் செய்தது. அப்போது நான் நீதிமன்றத்தின் பக்கம். மரத்தடிப் பெரியவரை வைத்துத்தான் எதையும் எடைபோட்டேன். பிறகு, 2019 ஜனவரி 28 அன்று முத்துகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பைப் படித்த பிறகு என் மனம் மாறியது. நீதிபதியே வக்கீலின் பிழைப்பைப் பறிக்கலாம் என்றால், தவறு செய்யும் நீதிபதியை எதிர்த்து எந்த வக்கீல் வாயைத் திறப்பார்? என் சீனியர் ஒரு முறை முகத்துக்கு நேராக ஒரு நீதிபதியிடம் "இந்த உத்தரவு சட்டத்தில் நிற்காது" என்று சொன்னதை நான் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை.

ஆகவே தண்டிக்கும் அதிகாரம் நீதிபதியிடமும் வேண்டாம், அமைச்சரிடமும் வேண்டாம். இந்த அளவுக்கு இளம் வழக்கறிஞரோடு உடன்படுகிறேன்.

ஜூன் 25

ஆனால் "வெளியாள்" என்றால் அரசாங்க ஆள் என்றுதான் அர்த்தமா? இங்கிலாந்தில் சொலிசிட்டர்கள் (அங்குள்ள வக்கீல்களில் ஒரு வகையினர்; பாரிஸ்டர்கள் இன்னொரு வகையினர்) மீதான புகார்களை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் வழக்கமாக இரண்டு சொலிசிட்டர்களும் சட்டத்தொழில் சாராத ஒருவரும் உட்காருகிறார்கள். அங்கே வக்கீல்களுக்காகப் பேசும் அமைப்பையும் வக்கீல்களைக் கண்காணிக்கும் அமைப்பையும் பிரித்தே வைத்துவிட்டார்கள். 2007-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பிரிவினையை உறுதிப்படுத்தியது. பாரிஸ்டர்களுக்காகப் பேசுவது அங்குள்ள பார் கவுன்சில், அவர்களைக் கண்காணிப்பது தனி வாரியம். நம் நாட்டிலேயே பட்டயக் கணக்காளர்களின் ஒழுங்குக் குழுவில் வெளியாட்களுக்கு 2006-ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து இடம் உண்டு. அவர்களை நியமிப்பது மத்திய அரசு என்பதால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வெளியாளைத் தேர்ந்தெடுக்கும் வழியைத்தான் யோசிக்க வேண்டும். வெளியாளே கூடாது என்பது என் சீனியரைப் போன்றவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஜூன் 30

சேர்க்கைக் கட்டணம் பற்றிக் கேட்ட மாணவருக்கு: சட்டத்தில் உள்ளது 750 ரூபாய், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 125 ரூபாய். பல மாநில கவுன்சில்கள் வேறு வேறு பெயரில் பல ஆயிரம் வாங்கிவந்தன. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. முன்பு வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் சொன்னது. வருமானம் குறைந்ததால் கவுன்சில்கள் தவிக்கின்றன என்பது உண்மை. அதற்காக ஏழை வீட்டுப் பிள்ளையை வாசலிலேயே நிறுத்த முடியாது.

ஆகஸ்ட் 9

கேள்வி கேட்ட அம்மா எழுதியிருக்கிறார். புகார் அனுப்பி ஐந்து வாரம் ஆகிறதாம், எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்கிறார்.

பிரிவு 36பி: மாநில ஒழுங்கு நடவடிக்கைக் குழு ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் விசாரணை இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். 2021 டிசம்பரில் அஞ்சினப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கெடுவை மீண்டும் நினைவூட்டியது.

ஆகஸ்ட் 10

திருத்தம். இந்த ஒரு வருடம் விசாரணை தொடங்கும் நாளிலிருந்து என்று அவருக்குத் தனிமடலில் சொல்லியிருந்தேன். தவறு. புகார் கிடைத்த நாளிலிருந்தே கணக்கு. கவுன்சில் உங்கள் புகாரைப் பெற்ற தேதி எது என்று ஒப்புகை அட்டையில் பாருங்கள். அம்மா, மன்னியுங்கள்.

செப்டம்பர் 14

நல்ல செய்தி. கவுன்சிலிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் போனதும் கட்டு திரும்பி வந்துவிட்டதாம். நடுவில் நின்று பேசி வாங்கிக்கொடுத்தவர் அதே சங்கத்தின் தற்போதைய செயலாளர். அன்று "எங்கள் வேலை இல்லை" என்று அனுப்பிய இடத்திலிருந்தே ஒருவர் முன்வந்திருக்கிறார். அதிகாரம் இல்லாவிட்டாலும் சொல்லிப்பார்க்கும் கடமை சங்கத்துக்கு உண்டு என்று நான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

மூலப் பத்திரம் கட்டில் இல்லை என்று பயப்படுகிறார். பயப்படாதீர்கள், அம்மா. சான்றாவணமாகக் குறியிடப்பட்டிருந்தால் அது நீதிமன்றத்தில்தான் இருக்கும். வழக்குரையோடு தாக்கல் செய்த ஆவணப் பட்டியலை எடுத்து, கட்டில் உள்ள ஒவ்வொரு தாளையும் அதோடு ஒப்பிடுங்கள். இரண்டு இடத்திலும் இல்லாதது எது என்று தனியாக எழுதுங்கள். அது தெரிகிற வரை கட்டு முழுமையாகக் கிடைத்தது என்று யாருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள்.

புகாரைத் திரும்பப் பெறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டு வந்துவிட்டதே, போதும் என்று நேற்றுச் சொல்லத் தோன்றியது. இன்று அப்படித் தோன்றவில்லை. அவரிடம் இன்னும் எத்தனை பேருடைய கட்டு இருக்கிறதோ. விசாரணைக்குக் கூப்பிட்டால் போங்கள். கட்டு திரும்பி வந்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். துணைக்கு ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன். இந்த முறை உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறேன்.